யோன்ஹீ அக்காவும் புது டேப்பும்

யோன்ஹீ அக்காவின் கணினியில் எப்போது பார்த்தாலும் ஒரே ஒரு டேப்தான் திறந்திருக்கும். பக்கத்து மேசையில் என்னுடையதில் மேல்வரிசை முழுக்க டேப்பாக அடைத்துக்கொண்டு, எது எதென்று எனக்கே தெரியாமல் கிடக்கும். போகிறபோதும் வருகிறபோதும் அக்கா எட்டிப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள்.

“என்ன ஹாயோங், கழுவாத பாத்திரத்த எல்லாம் ஸிங்க்லயே போட்டு வச்ச மாதிரி?”

“எல்லாம் வேணும்க்கா.”

“ஒன்னும் வேணாம். வேணும்னு நெனச்சுக்கிட்டு இருக்க. மூடத் தெரியாதவளுக்குத் தொறக்க மட்டும் என்ன அவசரம்?”

அக்காவின் வாய் அப்படி. தலைநகரின் கூரோ பகுதியில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு ஒப்பந்த ஆளாக வந்த முதல் நாளே அலுவலகக் காபிப் பொட்டலங்களில் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பார்த்துவிட்ட என்னிடம், “நிரந்தர வேலைக்காரங்களுக்கு போனஸ், எனக்கு இது” என்றாள். அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் பார்த்த வேலைக்கு எங்கள் நாட்டில் ‘பப்ளிஷர்’ என்று பெயர். கேட்பவர்கள் புத்தகம் போடுகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். டிசைனர் வரைந்து கொடுத்த படத்தை இணையப் பக்கமாக மாற்றுவதுதான் வேலை. எழுத்து எங்கே நிற்க வேண்டும், பட்டன் எங்கே இருக்க வேண்டும், லிங்க்கை அழுத்தினால் எந்தப் பக்கம் எப்படித் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில். படம் வரைந்தவனுக்குப் பாராட்டு போகும். பின்னால் இருந்து இயந்திரத்தை ஓட்டுகிற டெவலப்பருக்குச் சம்பளம் போகும். நடுவில் இருக்கிற பப்ளிஷரைத் தேடி வருவது குறைகள் மட்டும்தான். இப்படியே கம்பெனி கம்பெனியாக மாறி நாற்பத்தைந்து வயதுக்கு வந்துவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “டெட்லைனுக்குள்ள முடிக்கல” என்பாள்.

அந்த வருடம் தான்வொல் வட்ட அலுவலகத்தின் இணையதளத்தைப் புதிதாகச் செய்கிற வேலை எங்களுக்குக் கிடைத்தது. தான்வொல் அக்காவின் சொந்த ஊர். மலைச்சரிவில் முட்டைக்கோஸ் விளைகிற இடம். அவளுடைய அப்பா அந்த முட்டைக்கோஸை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனவர். இப்போது மறதி நோய் முற்றி, என்றோ விற்றுவிட்ட லாரியைத் தினமும் காலையில் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவர் பின்னாலேயே அம்மா ஓட வேண்டும். அம்மாவுக்கோ இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிற்று. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாகிவிட்டது. அம்மா படுத்துவிட்டால் அப்பாவை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு வழி வந்தது. மறதி நோய் வந்த முதியவர்களைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றை வட்டமே தொடங்கியது. வேன் வந்து அழைத்துப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். இடம் கொஞ்சம்தான். முந்தியவர்களுக்கு முதலில். விண்ணப்பம் இணையத்தில் மட்டும், அதாவது நாங்கள் செய்துகொண்டிருந்த அந்தத் தளத்தில்.

“அப்பா பகல்ல அங்க, ராத்திரிக்கு நான் போயி படுத்துக்குவேன்” என்றாள் அக்கா, முளைப்பயறு சூப்பை ஆறவைத்துக்கொண்டே. “அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிடும். அதுக்கப்புறம் உங்க எல்லாருக்கும் டாட்டா.”

அந்தக் காப்பகப் பக்கத்தை அவள் செய்த விதம் வேறு. வேறு எந்தப் பக்கத்துக்கும் அவள் அவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. எழுத்தைப் பெரிதாக்கினாள். பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு பட்டன், அதில் ‘விண்ணப்பிக்க’ என்று மட்டும். “எங்கம்மா கண்ணாடி இல்லாம அழுத்தணும்” என்றாள்.

பக்கம் முடிந்து, வட்டத் தலைவர் பார்வையிட வந்தார். ஓரத்தில் வானிலைத் துறைக்கு ஒரு லிங்க் இருந்தது. அழுத்தினார். மழை வருமா என்று படித்தார். படித்து முடித்ததும், அலுவலகத்தில் எந்தக் கோப்பைப் படித்தாலும் செய்கிற மாதிரி, மூலையில் இருக்கிற எக்ஸை அழுத்தினார். எல்லாம் மூடிக்கொண்டது.

“நம்ம தளம் எங்கய்யா போச்சு?”

பெரியவர்கள் எக்ஸை அழுத்துவது எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம். திரும்பிப் போகிற அம்புக்குறியைத் தொட்டால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது. படித்தால் மூட வேண்டும், அவ்வளவுதான். மூடியது நீங்கள்தான் என்று ஒரு வட்டத் தலைவரிடம் யார் சொல்வது? தளத்துக்குப் பொறுப்பான அதிகாரி மோக் சாருக்கு முகம் வெளுத்துப் போயிற்று. எங்கள் மேனேஜர் பாங், “சரிபண்ணிடறோம் சார்” என்று இடுப்பு வரை குனிந்தார். எதைச் சரிபண்ணுவது என்று அவருக்கும் தெரியாது.

மறுநாள் உத்தரவு வந்தது. தளத்தில் எந்த லிங்க்கை அழுத்தினாலும் புது டேப்பில் திறக்க வேண்டும். தலைவர் எத்தனை எக்ஸ் அடித்தாலும் முதல் பக்கம் பின்னால் நிற்க வேண்டும். ஒன்று விடாமல்.

“வெளித் தளத்துக்குப் போற லிங்க் சரி” என்றாள் அக்கா. “நம்ம பக்கத்துலேர்ந்து நம்ம பக்கத்துக்குப் போறதுக்கு எதுக்கு? நாலு தடவ அழுத்தினா நாலு டேப். வயசானவங்க எங்க இருக்கோம்னு தெரியாம நிப்பாங்க.”

“மேடம்,” என்றார் பாங். அக்காவைவிட வயதில் இளையவர், அதனாலேயே மேடத்தை நன்றாக அழுத்திச் சொல்வார். “அவங்க சொல்றாங்க, நாம செய்றோம். தளம் அவங்களுது. உங்க வீட்டுதா?”

அக்கா செய்தாள். பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிற குரல் ஒவ்வொரு லிங்க்குக்கும் ‘புது டேப்பில் திறக்கும்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது விதி. அதையும் எல்லாவற்றிலும் சேர்த்தாள். சோதனைக்கு ஓடவிட்டுக் கேட்டோம். அறிவிப்புகள், புது டேப்பில் திறக்கும். பேருந்து நேரம், புது டேப்பில் திறக்கும். குப்பை எடுக்கும் நாள், புது டேப்பில் திறக்கும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. “வெக்கமா இருக்கு” என்றாள்.

அந்தச் சிவப்பு பட்டனை மட்டும் அவள் தொடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. விண்ணப்பம் திறக்கிற நேரத்தில் ஊரே ஒன்றாக நுழைந்தால் சர்வர் தாங்காது. அதனால் அழுத்தியவுடன் வரிசை எண் தருவார்கள். உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று காட்டிக்கொண்டே இருக்கும், பொறுத்திருந்தால் முறை வரும். ஆனால் ஒருவருக்கு ஓர் எண்தான். இன்னொரு முறை அழுத்தினால் பழைய எண் செத்துப்போகும், வரிசையின் வாலில் புது எண் கிடைக்கும். பட்டன் இருந்த பக்கமே வரிசைப் பக்கமாக மாறிவிட்டால் மறுபடி அழுத்துவதற்குக் கண்ணெதிரே ஒன்றும் இருக்காது. வரிசை புது டேப்பில் திறந்தால், பழைய பக்கம் பின்னால் அப்படியே நிற்கும். போனில் ஒருமுறை பின்னால் போனால் போதும், புது டேப் மூடிக்கொண்டு, அந்தச் சிவப்பு பட்டன் வா வா என்று கூப்பிடும்.

விண்ணப்பம் திறப்பதற்கு முந்தைய நாள் பாங், அக்கா, நான் மூவரும் தான்வொல் போய்ச் சேர்ந்தோம். திறக்கிற காலையில் கம்பெனி ஆட்கள் வட்ட அலுவலகத்தில் நேரில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சாயங்காலம் மோக் சார் ஒவ்வொரு லிங்க்காக அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். சிவப்பு பட்டனில் நின்றுவிட்டார்.

“இது மட்டும் ஏன் அங்கேயே மாறுது?”

“விட்டுப்போச்சு சார்” என்றார் பாங் உடனே.

“விட்டுப்போகல. நான்தான் விட்டேன்” என்றாள் அக்கா. வரிசை எண் கதை முழுவதையும் நிதானமாகச் சொன்னாள். அவள் அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மோக் சாரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்தால் வெறுப்பதாவது சுலபமாக இருக்கும்.

“நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா நாளைக்கு தலைவர் பத்திரிகைக்காரங்க முன்னாடி இந்த பட்டனத்தான் மொதல்ல அழுத்தப் போறாரு. அழுத்திப் பாத்துட்டு எக்ஸ் அடிப்பாரு. கேமரா முன்னாடி தளம் காணாமப் போனா நான் என்ன பதில் சொல்றது?”

“அவருக்குப் பின்னாடி நிக்கறவங்க பதில் சொல்லிக்கட்டும் சார். அழுத்தப் போறது ஊர்ல இருக்கற கெழவிங்க.”

“மேடம்!” என்றார் பாங். “கோட்ல ஒரு வார்த்த சேக்கறதுக்கு இவ்வளவு பேச்சா? இல்ல, அத நான் வேற யாரையாவது வச்சு சேத்துக்கட்டுமா? இனிமே எல்லாத்தையுமே வேற ஆளு வச்சு செஞ்சுக்கட்டுமா?”

அந்த ஒரு வார்த்தையை அக்கா சேர்த்தாள். மோக் சார் அழுத்திப் பார்த்தார், புது டேப் திறந்தது. திருப்தியாக இருக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “உங்கம்மாவும் விண்ணப்பம் போடறாங்கன்னு சொல்ல வேண்டியதுதானே அக்கா?”

“சொன்னா? ஓ, அதுக்காகத்தான் இவ்வளவு பேசினாளான்னு ஆயிடும். நான் சொன்னது எல்லாருக்காகவும்டி. எங்கம்மாவுக்கு நான் வீட்லயே போயி சொல்லிக்குடுத்துக்குவேன். மத்த கெழவிங்களுக்கு யாரு சொல்லுவா?”

அக்காவே அம்மாவுக்காக அழுத்திவிடலாம் என்றால் அதுவும் முடியாது. வட்டத்தில் குடியிருப்பவரின் போனிலேயே அடையாளச் சரிபார்ப்பு வரும். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் பாடம் எடுத்தாள். ஒரே ஒரு தடவை அழுத்து. புதுசா ஒன்று திறக்கும். எண் வரும். அப்புறம் போனை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். வீடு இடிந்து விழுந்தாலும் பின்னால் போகாதே. அம்மா திருப்பிச் சொல்லி ஒப்பித்தாராம்.

காலை ஒன்பது மணிக்குத் தலைவர் பெரிய திரையில் சிவப்பு பட்டனை அழுத்தினார். புது டேப் திறந்தது. எண்ணைப் பார்த்து, “ஆகா, இவ்வளவு பேரா!” என்றார். எக்ஸை அழுத்தினார். பின்னால் காப்பகப் பக்கம் சிவப்பு பட்டனோடு கம்பீரமாக நின்றது. கை தட்டினார்கள். பாங் வாழ்த்துக்காக வாங்கி வந்திருந்த வைட்டமின் பானப் பெட்டியைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நானும் அக்காவும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. செத்த அளவுக்கு வாலில் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. ஊரில் இருக்கிற கிழவிகள் எல்லாம் காத்திருந்து காத்திருந்து, அசையாத எண்ணைப் பார்த்துப் பயந்து, பின்னால் போய் மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்கள். அழுத்த அழுத்தக் கடைசிக்குப் போனார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் இடங்கள் நிரம்பின. யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், பாதிக்கு மேல் நகரத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பா அம்மாவின் போனைத் தாங்களே பிடித்து அழுத்திய பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அம்மாவிடமிருந்து அக்காவின் போனுக்கு அழைப்பு வரவில்லை. வராததிலேயே தெரிந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் வட்ட அலுவலகத்துப் போன்கள் விடாமல் அடித்தன. ஒரு பாட்டி நேரிலேயே வந்து, “நான் மொத ஆளா அழுத்தினேன், என்ன எதுக்கு கடைசில போட்டீங்க?” என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார். பேசி முடிவெடுக்க எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். காலையில் வாழ்த்துக்கென்று வந்த அதே வைட்டமின் பெட்டியை பாங் இப்போது மன்னிப்புக்காக மோக் சாரின் மேசையில் வைத்தார். நல்லவேளை, யாரும் பிரித்திருக்கவில்லை.

“பட்டன் சம்பந்தமா எங்க பப்ளிஷர் ஒரு தப்பு பண்ணிட்டாங்க சார்” என்றார்.

“நேத்து சாயங்காலம் இங்கதான சார் பேசினோம்? நீங்களும் இருந்தீங்க, அவரும் இருந்தாரு. அக்கா அத்தன தடவ சொன்னாங்களே!” என்றேன்.

மோக் சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நேத்து பேசினதெல்லாம் இப்ப எதுக்குங்க. தலைவர் பேர் இதுல வரக்கூடாது, அவ்வளவுதான்.”

“அப்ப வரிசைய மறுபடி வைக்கலாமே?” என்றேன்.

“கம்ப்யூட்டர் குடுத்த வரிசைங்க. கெடச்சவங்ககிட்ட போயி எப்படிப் பிடுங்கறது? முறைன்னு ஒன்னு இருக்கில்ல.”

முறை என்று ஒன்று இருந்தது. புகார் செய்த ஒவ்வொருவரையும் கம்பெனியே அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் அந்த முறையில் சேர்த்தி. தப்புச் செய்தவர் தன் வாயால் கேட்டால் ஊர்க்காரர்கள் மனசு ஆறும் என்றார் மோக் சார். பாங் அக்காவைப் பார்த்தார். “மேடம், கை வச்சது நீங்கதானே.”

அக்கா சண்டை போடுவாள், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போகவில்லை. “சரி, எண்ணச் சொல்லுங்க” என்று அலுவலகத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார்கள். மோக் சார் ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். “வணக்கங்க. வட்ட இணையதளம் செஞ்ச கம்பெனிலேர்ந்து பேசறோம். எங்க ஊழியரோட கவனக்குறைவால உங்களுக்கு சிரமமாயிடுச்சு. மன்னிச்சுக்குங்க.” ஒருவர் திட்டினார். ஒருவர் அழுதார். ஒரு தாத்தாவுக்கு என்ன பேசுகிறோம் என்றே புரியவில்லை, முட்டைக்கோஸ் விலை கேட்டார். பாங் தன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த எண்ணை மோக் சார் படிக்கத் தொடங்கியபோது, அவர் முடிக்கும் முன்பே அக்காவின் விரல் மிச்ச எண்களை அழுத்திவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை.

“யாருங்க?” என்றது வயதான ஒரு குரல். பின்னால் ஓர் ஆண் குரல் சாவி எங்கே, சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“வணக்கங்க. வட்ட இணையதளம் செஞ்ச கம்பெனிலேர்ந்து பேசறோம்” என்றாள் அக்கா. அதே குரல், அதே வேகம். “எங்க ஊழியரோட கவனக்குறைவால...”

அங்கே நின்றுவிட்டாள். சாவி கேட்கிற குரல் மட்டும் தூரத்தில் வந்தது. பிறகு அந்த அம்மா, பெற்ற மகளிடம், முன்பின் தெரியாத அதிகாரியிடம் பேசுகிற மரியாதையோடு பேசினார்.

“பரவால்லங்க. நான் பொகார்னு சொல்லலைங்க, எடம் ஏதாச்சும் மிச்சம் இருக்கான்னு கேக்கத்தான் போன் பண்ணேன். அந்தப் பொண்ண யாரும் திட்டாதீங்க. அவ சரியாத்தான் சொல்லிக்குடுத்தா. நான்தான் பொறுக்காம பின்னாடி போயிட்டேன். வீட்டுக்காரரு வெளிய கெளம்பிட்டாரு, ஓடிப் புடிச்சுட்டு வந்து பாத்தா போனு இருட்டாயிருந்துச்சு, செத்துப் போச்சுன்னு நெனச்சேன். தப்பு எம்மேலதாங்க.”

“மன்னிச்சுக்குங்க” என்றாள் அக்கா.

“சாப்புட்டீங்களா?” என்றார் அம்மா.

“சாப்ட்டேங்க” என்று சொல்லி அக்கா தொலைபேசியை வைத்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

“பாத்தீங்களா, எவ்வளவு நல்ல மனுஷங்க!” என்றார் மோக் சார். “எங்க ஊர் ஆளுங்க அப்படித்தான்.”

“அது அவங்க அம்மா சார்!” என்று கத்திவிட்டேன். “இவங்க அம்மா. அப்பாவுக்குத்தான் எடம் கேட்டாங்க. அந்தம்மாவுக்கு ஆபரேஷன், அதுவும் இப்ப போச்சு!”

மோக் சார் வைட்டமின் புட்டி ஒன்றை எடுத்துத் திறந்து அக்காவின் முன்னால் வைத்தார். பாங் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“அட, மொதல்லயே சொல்லியிருந்தா இந்த ஒரு போன் கால் மிச்சமாயிருக்குமே மேடம். வீட்லயே பேசியிருக்கலாம்.”

நான் எழுந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அந்தப் புட்டியைக் கைபடாத தூரத்துக்கு நகர்த்தினாள்.

“அடுத்த எண்ணச் சொல்லுங்க சார்” என்றாள்.